காது தொங்கிய நாய்

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. ஓர் இணைய இதழ் கதை கேட்டிருந்தது. அதன் பக்கத்தைப் பராமரிக்கும் பெண் போன் செய்து, "கதையில எமோஜி மட்டும் போட்டுடாதீங்க சார், எங்க பக்கம் தாங்காது" என்றாள். ஏன் என்று கேட்டு வாயைக் கொடுத்தேன். அரைமணி நேரம் அழாத குறையாகப் புலம்பினாள். அவளைத்தான் இங்கே சின்னவள் என்கிறேன்.

2

முதல் தொடக்கம்: மாலை வெயில் தையல் கடையின் கண்ணாடியில் பட்டு...

வேண்டாம். வெயிலுக்கு இதில் ஒரு வேலையும் இல்லை.

இரண்டாவது: சின்னவளின் அக்கா தையல்காரி. ஏழு மாதத்துக்கு முன்பு, கடை நிறைய ஆள் இருந்த நேரத்தில், "நீ தைக்கிற சட்டைய நாய்கூடப் போடாதுக்கா" என்றாள் சின்னவள். அன்றோடு பேச்சு நின்றது. அக்கா போனிலும் அவளைத் தடுத்துவிட்டாள். (சட்டை நன்றாகத்தான் இருந்ததாம். அன்றைக்குப் பசியாம். நான் எழுதும் ஆளே என்னிடம் புளுகுகிறாள்.)

3

மிச்சம் இருந்த ஒரே வழி, கடையின் இணையப் பக்கத்தில் உள்ள கருத்துப் பெட்டி. அந்தப் பக்கத்தைச் செய்து கொடுத்தவளே சின்னவள்தான். மன்னிப்பை எழுதினாள். நடுவில் ஓர் எமோஜி வைத்தால் அக்கா சிரித்துவிடுவாள் என்று தேடினாள். 'வருத்தம்' என்று தேடினால் வேர்த்து வழியும் முகம் வருகிறது. 'வெட்கம்' என்றால் குரங்கு கண்ணைப் பொத்திக்கொள்கிறது. கடைசியில் காது தொங்கிய நாய் ஒன்று அகப்பட்டது.

அவள் அனுப்பியது: "நீ தைக்கிற சட்டைய நாய்கூடப் போடாதுக்கா (இங்கே நாய்) அப்படின்னு சொன்ன என் வாயைத்தான் தைக்கணும். மன்னிச்சிடு."

பக்கம் செய்த அவசரத்தில் சின்னவள், இதழின் பக்கத்தில் இருக்கும் அதே பழைய வகைச் சேமிப்பைத் தேர்ந்தெடுத்திருந்தாள். அது எமோஜியைக் கண்டால் அங்கேயே வெட்டும், பின்னால் வரும் எழுத்தையும் சேர்த்து விழுங்கிவிடும். ஆகவே ஊரே பார்க்க, நாய்க்கு முன்னால் உள்ளது மட்டும் கடைப் பக்கத்தில் ஏறியது.

4

மூன்றாம் நாள் அதற்குக் கீழே அக்காவின் பதில்:

"இனிமே என் கடைப் படிய மிதிக்காத"

அப்போதுதான் சின்னவள் தன் மன்னிப்பு பட்ட பாட்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அக்காவின் வரியை மறுபடி படித்தாள். கடைசியில் புள்ளி இல்லை. அக்கா முடிச்சுப் போடாமல் நூலை அறுக்காதவள். பால் வாங்கி வா என்று எழுதும் சீட்டிலும் புள்ளி வைப்பவள். அப்படியென்றால் அங்கேயும் ஓர் எமோஜி இருந்திருக்கிறது, அதற்குப் பின்னால் என்னவோ சொல்லியிருக்கிறாள்.

"அக்கா பக்கத்த சரி பண்ணிட்டேன் சார். ஆனா முழுங்கினது முழுங்கினதுதான்."

"நேர்ல போய்க் கேட்டுடும்மா."

"பயமா இருக்கு சார். அவ புள்ளி வைக்க மறந்திருந்தா?"

எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

5

முடிவு ஒன்று: அக்கா கத்தரிக்கோலைத் தூக்குகிறாள். (ரொம்ப ஓவர்.)

முடிவு இரண்டு: இருவரும் கட்டிக்கொண்டு... (சின்னவளே என்னை அடிக்க வருவாள்.)

நடந்தது இது. நேற்று போனாள். படியில் கால் வைக்காமல் தெருவிலேயே நின்று, "அக்கா, புள்ளி எங்க?" என்றாள். தையல் இயந்திரம் நின்றது. அக்கா நிமிர்ந்தாள்.

அந்த முகத்தை வார்த்தையில் சொல்ல எனக்கு வரவில்லை. அச்சு அசல் அப்படியே ஓர் எமோஜி இருக்கிறது, தேடி எடுத்துவிட்டேன். சின்னவள் என்னை மன்னிக்கட்டும், ஒரே ஒரு தடவை போடுகிறேன். அக்கா சொன்ன பதிலையும் அடுத்த வரியிலேயே எழுதிவிடுகிறேன். அக்காவின் முகம் இப்படி இருந்தது: