வெயிலில் குறைந்த மின்சாரம்

சூரிய ஒளியைப் பெற்று மின்சாரமாக மாற்றித் தரும் கருவி சூரியப் பலகை எனப்படும். வெயில் கூடினால் மின்சாரம் கூடும். வெயில் குறைந்தால் மின்சாரமும் குறையும். இது விதி. திருவனந்தபுரத்தின் கிழக்கேகோட்டையில் ஒரு மாடி மட்டும் சில காலம் இவ்விதிக்கு உட்படாமல் இருந்தது. அம்மாடியின் பராமரிப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது.

என் பெயர் மாடம்மாள். சொந்த ஊர் வள்ளியூருக்கு அருகில் உள்ளது. கணவர் கட்டட வேலைக்காகத் திருவனந்தபுரம் வந்தபோது நானும் உடன் வந்தேன். கழக்கூட்டத்தில் ஒரு ஹோட்டலில் நெடுங்காலம் பாத்திரம் கழுவினேன். ஐம்பது வயதைக் கடந்தபின் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வை எழுதித் தேர்ச்சி பெற்றேன். அதனைத் தொடர்ந்து, பெண்களுக்கென நடத்தப்பட்ட சூரிய மின்சாரப் பயிற்சியில் சேர்ந்து, அதிலும் தேர்ச்சி பெற்றேன். வகுப்புகள் மலையாளத்தில் நடைபெற்றன. பாடநூலின் தமிழ்ப் பதிப்பை நாகர்கோவிலிலிருந்து வரவழைத்து முழுவதும் படித்தேன். படங்களின் கீழ் உள்ள வரிகளையும் விட்டுவைக்கவில்லை.

கிழக்கேகோட்டைக் கோவிலுக்கு அடுத்த அக்ரஹாரத் தெருக்களில் ஒன்றில் தெருச் சங்கத்துக்குச் சொந்தமான கூடம் உள்ளது. அதன் மாடியில் சூரியப் பலகைகளை வரிசையாகப் பொருத்தியிருந்தனர். அவை தரும் மின்சாரத்தில் கிணற்று மோட்டார் ஓடும். மோட்டார் ஓடினால் மாடியின் ஒரு மூலையில் உயரத்தில் உள்ள தொட்டி நிரம்பும். தொட்டி நிரம்பினால் தெரு முழுவதும் தண்ணீர் பெறும். பலகைகளைத் துடைத்தல், இணைப்புகளைச் சோதித்தல், பழுது கண்டால் தெரிவித்தல் ஆகியவை என் பணிகள்.

என் நியமனம் சோதனை முறையிலானது. சோதனைக் காலத்தின் முடிவில் சங்கக் குழுவினர் நேரில் வந்து பார்ப்பார்கள். தொட்டி நிரம்பியிருந்தால் வேலை நிரந்தரம். இல்லையேல் பராமரிப்பு வேறொரு நிறுவனத்துக்குச் செல்லும். நான் ஹோட்டலுக்குச் செல்வேன். ஹோட்டலில் என் இடம் காலியாகவே இருந்தது. அது எப்போதும் காலியாக இருக்கும் இயல்புடைய இடம்.

பலகைகளின் திறப்பு விழா அன்றே வேலையில் சேர்ந்தேன். அந்நாளிலேயே, பலகை வரிசைகளுக்கு இடையிலுள்ள நடைபாதையில் ஓர் அறிவிப்புப் பலகை வைத்தேன். ‘நடைபாதையில் எப்பொருளையும் வைத்தல் கூடாது’ என்று அதில் எழுதினேன். பராமரிப்பாளர் செல்லும் வழி தடையின்றி இருத்தல் வேண்டும் என்பது பாடநூலின் கூற்று. பலகைகளைச் சூடு இல்லாத நேரத்தில் துடைத்தல் வேண்டும் என்பதும் அதன் கூற்றே. எனவே விடியற்காலையிலும் மாலையிலும் சென்றேன். இரு வேளைகளிலும் பலகைகள் தூய்மையாகவும் இணைப்புகள் சீராகவும் இருந்தன.

ஆயினும் தொட்டி நிரம்பவில்லை. நல்ல வெயில் நாட்களில் மோட்டார் நண்பகலில் நின்றுவிட்டது. மேகமூட்டமான நாட்களில் மெதுவாகவேனும் ஓடியது. வெயிலடித்தால் தண்ணீர் இல்லை, மேகம் வந்தால் தண்ணீர் உண்டு என்று தெருவில் பேச்சு எழுந்தது. பயிற்சி ஆசிரியை அஸ்வதியைத் தொலைபேசியில் அழைத்து இதனைத் தெரிவித்தேன்.

“அங்ஙனெ வராது சேச்சி,” என்றார் அவர். “வெயில் கூடினா பவரும் கூடும். மீட்டரைத் தலைகீழா பிடிச்சுப் பாத்தீங்களோ?”

“நேராத்தான் பிடிச்சேன், டீச்சர்.”

“அப்போ சேச்சியோட சூரியனுக்குத்தான் கம்ப்ளைன்ட்.”

சூரியன் என் பராமரிப்பில் இல்லை என்று தெரிவித்தேன். அவர் சிரித்தார். நான் தகவலாகவே கூறினேன்.

தண்ணீர் வரவில்லை என்று அதிகம் குரல் எழுப்பியவர் வாலாம்பாள். கூடத்துக்கு அடுத்த வீட்டில் தனியாக வசிப்பவர். அரிசி வடாம் செய்து கல்யாண வீடுகளுக்குக் கொடுப்பவர். சங்கச் செயலாளர் பட்டாபி அவருடைய உடன்பிறந்த தம்பி. ஒரு நாள் காலையில் வாலாம்பாள் என்னைத் தெருவிலேயே நிறுத்தினார்.

“ஏண்டிம்மா, நீ மாடியிலே என்னதான் பண்றாய்? வடாத்துக்கு மாவு கிளற ஒரு குடம் ஜலம் இல்லே. கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சு மூஞ்சி பாத்துண்டிருக்கியா?”

“காரணம் கண்டுபிடிச்சிட்டிருக்கேன், மாமி.”

“அதைச் சீக்கிரம் கண்டுபிடி. கல்யாண ஆர்டர் இருக்கு, கேட்டியோ?”

பழுது தோன்றும் நேரத்தில் கருவியைப் பார்வையிடுதலே பழுதைக் கண்டறியும் முறை. எனவே அடுத்த நாள் நல்ல வெயிலில், நண்பகலில் மாடிக்குச் சென்றேன்.

பலகைகளின் மேல் வெள்ளை வேட்டிகள் விரிக்கப்பட்டிருந்தன. வேட்டிகளின் மேல் வடாம் பிழியப்பட்டிருந்தது. ஓர் ஓரத்தில் வாலாம்பாள் குடை பிடித்து அமர்ந்து காக்கையை விரட்டிக்கொண்டிருந்தார்.

“மாமி, இது என்னது?” என்றேன்.

“வடாம்.”

“பேனல் மேலயா?”

“பின்னே? திறப்பு விழாவிலே பட்டாபி மைக்கிலே சொன்னானே, இது வெயிலை அப்படியே இழுத்துடும்னு. வாஸ்தவம். தரையிலே ரெண்டு நாள் காயறது, இதிலே ஒரு நாள்லே காயறது.”

“பாதையிலே விரிக்கலாமே?”

வாலாம்பாள் என் அறிவிப்பைக் குடையின் முனையால் சுட்டினார். “பாதையிலே வைக்கப்படாதுன்னு எழுதியிருக்கே. முன்னே அங்கேதான் இட்டுண்டிருந்தேன். சட்டத்தை மதிக்கணுமோல்லியோ? பேனல் மேலே வைக்கப்படாதுன்னு எங்கேயும் எழுதலை.”

எழுதவில்லை என்பது உண்மை. பலகையின் மேல் பொருள் வைத்தல் கூடாது என்று பாடநூலிலும் எழுதப்படவில்லை. வைப்பார்கள் என்று அதன் ஆசிரியர்கள் கருதவில்லை.

நிழல் என்பதன் விளைவை நான் விளக்கினேன். ஒரு வரிசையில் உள்ள பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டவை. ஒன்றின் மேல் நிழல் விழுந்தால் வரிசை முழுவதும் தளரும் என்றேன்.

“அப்போ ஒண்ணு மேலே மட்டும் இடறேன்.”

“ஒண்ணு மேல இட்டாலும் எல்லாம் படுத்திரும், மாமி.”

“ஒருத்தி தூங்கினா மொத்தக் குடும்பமும் தூங்குமா? நல்ல சம்பந்தம்தான்.”

“அதனாலதான் மாமிக்குத் தண்ணி வரல்ல.”

வாலாம்பாள் ஒரு காக்கையை விரட்டினார். பின், “மாவு கிளறியாச்சு. இன்னிக்கு இது காஞ்சாகணும்,” என்றார்.

அருகிலிருந்த வேட்டியின் முனையை எடுக்கக் கையை நீட்டினேன்.

“தொடாதே!” என்றார். “மடியா பண்ணினது. நீ தொட்டேன்னு தெரிஞ்சா கல்யாணக்காரா வாங்க மாட்டா.”

தொடுதல் பற்றிப் பாடநூலில் மின்னதிர்ச்சி என்னும் தலைப்பின் கீழ் மட்டுமே கூறப்பட்டுள்ளது. கையை எடுத்துக்கொண்டேன். இவ்வாறாக, பலகைகள் என் பொறுப்பிலும் அவற்றின் மேலிருந்தவை வாலாம்பாள் பொறுப்பிலும் இருந்தன. வெயில் மேலிருந்தவற்றின் மீது விழுந்துகொண்டிருந்தது.

செயலாளர் பட்டாபியிடம் சென்று பழுதின் காரணத்தைத் தெரிவித்தேன். அவர் ஓய்வுபெற்ற அரசு அலுவலர். எதனையும் எழுந்து நின்று கேட்கும் பழக்கம் உடையவர். இதனைக் கேட்டதும் அமர்ந்தார்.

“அக்காகிட்டே நான் சொல்லணும்கிறாயா?”

“நீங்கதானே சார் செக்ரட்டரி.”

“செக்ரட்டரிதான். ஆனா தம்பி. ரெண்டிலே எது முன்னாடி வந்தது?” என்றார். “நீ டெக்னிக்கலா ஏதாவது பண்ணு. ஞாயித்துக்கிழமை கமிட்டி மாடிக்கு வரது. தொட்டி நிரம்பலேன்னா நான் உன் பக்கம் பேச முடியாது. அக்கா பக்கமும் பேச முடியாது. சும்மா இருப்பேன்.”

பாடநூலின் இறுதிப் பகுதியில் சூரிய உலர்த்தி விளக்கப்பட்டுள்ளது. கண்ணாடி மூடியுடைய பெட்டியின் உட்புறத்துக்குக் கறுப்பு வண்ணம் பூசிக் காற்று செல்லத் துளையிட்டால், தூசியும் காக்கையும் அண்டாமல் உணவுப் பொருட்களைக் காயவைக்கலாம். இதனைச் செய்யத் தீர்மானித்தேன். என் பழைய ஹோட்டலில் பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட்ட கண்ணாடிப் பெட்டி ஒன்று இருந்தது. அதனைப் பெற்று, படத்தில் உள்ளவாறே அமைத்து, ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தேன். செய்த பொருட்களுள் இது எனக்கு மிகுந்த மனநிறைவை அளித்தது.

வாலாம்பாள் அதனைச் சுற்றி வந்து பார்த்தார். கண்ணாடியைத் தூக்கி உள்ளே கையை விட்டார்.

“நன்னா சுடறதே! சமர்த்துதான். எங்கே வாங்கினாய்?”

“வாங்கல்ல மாமி. ஹோட்டல்ல இருந்தது.”

“ஹோட்டல்லே இதிலே என்ன வெச்சிருந்தா?”

கேட்கப்பட்ட வினாவுக்கு உரிய விடையைத் தருதல் முறையாகும். “முட்டை பப்ஸ்,” என்றேன். “மேல் தட்டுல மீன் கட்லெட்.”

வாலாம்பாள் கையை வெளியே எடுத்து, தன் உடலிலிருந்து விலக்கி நீட்டியபடியே படியிறங்கிச் சென்றார். அவர் குளித்துவிட்டுத் திரும்பும்வரை காத்திருந்தேன். கழுவி வண்ணம் பூசிய பெட்டியில் முட்டையின் கூறு எதுவும் எஞ்சியிருக்க வாய்ப்பில்லை என்று விளக்கினேன்.

“வாய்ப்பு இல்லாம இருக்கட்டும். இங்கே அதுவும் இல்லாம இருக்கட்டும்,” என்றார்.

பெட்டியை மறுபடியும் ஆட்டோவில் ஏற்றினேன். இப்போது எங்கள் வீட்டில் அதில் நெத்திலி காய்கிறது. மிக நன்றாகக் காய்கிறது.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மாடிக்குச் சென்றபோது வாலாம்பாள் ஏற்கெனவே படிக்கட்டில் அமர்ந்திருந்தார். அருகில் மாவு நிறைந்த அண்டா இருந்தது.

“இன்னிக்குக் கமிட்டி வருது, மாமி,” என்றேன். “இன்னிக்கு ஒரு நாள் மட்டும் இடாதீங்க. தொட்டி நிரம்பல்லேன்னா என் வேலை போச்சு.”

“மாவு புளிச்சுடும்டீ. நாளன்னிக்குக் கல்யாணம். வடாம் இல்லேன்னா அடுத்த ஆர்டர் எனக்கு யார் தருவா? உனக்கு ஹோட்டலாவது இருக்கு. நான் எங்கே போவேன், பட்டாபி ஆத்துக்கா?”

இருவரும் பலகைகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் கூறியதில் பிழை இல்லை. வெயில் வரும் இடங்கள் அம்மாடியில் இரண்டே. ஒன்றில் பலகைகள் இருந்தன. மற்றொன்றில் என் அறிவிப்பு இருந்தது.

நடைபாதை குறித்துப் பாடநூல் கூறுவதை மனத்தில் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அதில் விலக்கு எதுவும் குறிப்பிடப்படவில்லை. பாடநூலுக்கு மாறாக நான் அதுவரை எதனையும் செய்ததில்லை. எழுந்து சென்று அறிவிப்பைப் பிடுங்கினேன்.

“இடுங்க, மாமி. பாதை முழுக்க இடுங்க. பேனல் மேல மட்டும் வேண்டாம்.”

“நீ நடக்க வேண்டாமா?”

“நடக்கல்ல. இப்பவே துடைச்சிட்டு இறங்கிருதேன்.”

பலகைகளைத் துடைத்து இறங்கினேன். பத்து மணிக்கு நடைபாதை முழுவதும் வேட்டிகளும் வடாமுமாக நிறைந்தது. பலகைகள் முதன்முறையாக முழு வெயிலையும் பெற்றன. கிணற்றடியில் மோட்டார் எழுப்பிய ஒலியை நான் அதற்குமுன் கேட்டதில்லை. பாடநூலில் குறிப்பிடப்பட்ட ‘முழுத் திறன்’ என்பது இதுவே என்று உணர்ந்து, அதன் அருகிலேயே நின்றேன்.

முழுத் திறனில் இயங்கும் மோட்டார் தொட்டியை நிரப்பும். நிரம்பிய பின்னும் இயங்கினால் தொட்டி வழியும். அதுவரை தொட்டி நிரம்பியதே இல்லையாதலால், நிரம்பியவுடன் மோட்டாரை நிறுத்தவேண்டும் என்பதை எவரும் எண்ணியிருக்கவில்லை. நானும் எண்ணவில்லை. வழியும் நீருக்கென அமைந்த குழாய் நடைபாதையை நோக்கித் திறந்திருந்தது.

“மாடம்மா! ஜலம்! ஜலம் வரதுடீ!”

மோட்டாரை நிறுத்திவிட்டு மாடிக்கு ஓடினேன். நீர் நடைபாதையின் தொடக்கத்தை அடைந்திருந்தது. முதல் வேட்டியின் ஒரு முனையை வாலாம்பாள் இரு கைகளாலும் தூக்கியிருந்தார். மறுமுனை தரையில் கிடந்தது. காயாத வடாம் உள்ள வேட்டியை ஒரே ஆள் தூக்கினால் வடாம் அனைத்தும் நடுவில் சரிந்து ஒன்றாகிவிடும்.

நான் படிக்கட்டின் மேற்படியிலேயே நின்றேன்.

“என்னடீ வேடிக்கை பாக்கறாய்? அந்தத் தலைப்பைப் பிடி!”

“தொடலாமா, மாமி?”

“பிடிடீ, கழுதே!”

பிடித்தேன். இருவருமாக ஒவ்வொரு வேட்டியாகத் தூக்கி, தொட்டிக்கு எதிர்ப்புறத்தில் நிழலானாலும் உலர்ந்திருந்த இடத்துக்குக் கொண்டுசென்றோம். அவர் பின்னோக்கி நடந்தார். நான் முன்னோக்கி நடந்தேன். “மெள்ள, மெள்ள, இழுக்காதே, விறைப்பா வை” என்று அவர் கூறியவாறே வந்தார். கடைசி வேட்டியின் ஓரம் மட்டும் நனைந்தது. அதிலிருந்த வடாமை அவர் கிள்ளி எடுத்துக் காக்கைக்கு எறிந்தார்.

அவ்வேளையில் பட்டாபியும் குழுவினரும் மாடிக்கு வந்தனர். அவர்களுடைய செருப்புகள் நனைந்தன. தொட்டியிலிருந்து இன்னும் நீர் சொட்டியது. அதை அண்ணாந்து பார்த்த பட்டாபி, பிறகு நடைபாதையையும், வேட்டியின் இரு முனைகளைப் பிடித்து நின்ற எங்கள் இருவரையும் பார்த்தார்.

“நிரம்பிடுத்தா?” என்றார்.

“நிரம்பி வழியறது. கண்ணு தெரியலையா?” என்றார் வாலாம்பாள்.

“அதில்லே, அக்கா... வடாத்தை இவ...”

“இவ என்ன?”

பட்டாபி குழுவினரைத் திரும்பிப் பார்த்தார். குழுவினர் தத்தம் செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தனர். அவர்களுள் ஒருவர் கல்யாண வீட்டைச் சேர்ந்தவர் என்பதைப் பின்னர் அறிந்தேன்.

“காத்து அடிக்கறதுன்னு சொல்ல வந்தேன்,” என்றார் பட்டாபி.

தொட்டி நிரம்பியதைக் குழு ஏற்றுக்கொண்டது. நீரை வீணாக்கியது குறித்து எனக்கு எச்சரிக்கை தரப்பட்டது. நிரம்பியதும் மோட்டாரைத் தானே நிறுத்தும் மிதவை ஒன்று தேவை என்று நான் விளக்க, அதனைப் பொருத்துவதையும் என் பணியிலேயே சேர்த்தனர். வேலை நிரந்தரம் ஆக்கப்பட்டது. ஹோட்டலுக்குத் தொலைபேசியில் தகவல் தெரிவித்தேன். அங்கே யாரும் வருத்தப்படவில்லை.

குழுவினர் இறங்கிய பின் வாலாம்பாள் தம் குடையை எடுத்துக்கொண்டு ஓரத்தில் அமர்ந்தார்.

“நாளைக்கும் வடாம் இருக்கு. பத்து மணிக்கு வந்துடு,” என்றார். “இவ்வளவு பெரிய வேட்டி ஒத்தையா விரிக்க வர மாட்டேங்கறது.”

“துடைக்குறது காலம்பறதான், மாமி. சூடு ஏறுனா துடைக்கப்படாது.”

“துடைக்கவா கூப்பிட்டேன்?”

சூடு இல்லாத நேரத்திலேயே பலகைகளைத் துடைத்தல் வேண்டும் என்பதில் எனக்கு இன்றளவும் மாற்றுக் கருத்து இல்லை. எனவே விடியற்காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் பத்து மணிக்கு ஒரு முறையுமாக மாடிக்குச் சென்று வருகிறேன்.