எழுந்திருக்கும் வரை

பின்கட்டு அறையைத் தாழிட்டுக்கொண்டேன். பத்து ராத்தல் நூல் கட்டு இரண்டைச் சேர்த்துப் பழைய புடவையில் இறுக்கிக் கட்டி, அதை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். உட்காருவதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை, தொப்பென்று உட்கார்ந்துவிடுவேன். எழுந்திருப்பதுதான் பெரும்பாடு. சுவரைப் பிடிக்கக்கூடாது, கையை ஊன்றக்கூடாது, யாரும் கை கொடுக்கக்கூடாது. முதல் நாள் நாலு தடவை முயன்றேன். நாலாவது தடவை பக்கவாட்டில் சாய்ந்து விழுந்து, நூல் கட்டை அணைத்துக்கொண்டே அழுதேன். வெளியே தறிகள் ஓடிக்கொண்டிருந்தன, அதனால் யாருக்கும் கேட்கவில்லை.

இது என் ஓரகத்தி அமிர்தவள்ளி போட்ட நிபந்தனை. அவள் புருஷன், என் வீட்டுக்காரரின் தம்பி பரந்தாமன், ஜோலார்பேட்டையில் ரயில்வே பயர்மேன். அவர்களுக்கு ஐந்தும் பெண். ஐந்தாவது வயிற்றில் இருக்கும்போதே, எதுவாக இருந்தாலும் எங்களுக்குத் தத்துக் கொடுப்பதாகப் பேச்சு. பெண்ணைக்கூடத் தத்து எடுக்கலாம் என்று சட்டம் வந்திருந்த புதிது. எனக்கு முப்பத்தெட்டு வயது. மூன்று கர்ப்பம் கலைந்திருந்தது. ஒவ்வொன்றும் போகும்போது கொஞ்சம் சதையை மட்டும் என்னிடம் விட்டுவிட்டுப் போனது. குடியாத்தம் கடைத்தெருவில் நான் நடந்தால் ஜனங்கள் வழிவிடுவார்கள். மரியாதை என்று நினைத்துக்கொள்வேன்.

ஐப்பசியில், அந்த ஐந்தாவது குழந்தை கங்காவுக்கு எங்கள் வீடு பழகட்டும் என்று அமிர்தவள்ளி கூட்டிவந்து பத்து நாள் தங்கியிருந்தாள். ஒருநாள் அவள் கடைக்குப் போயிருந்தாள். நான் தரையில் உட்கார்ந்து தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். கங்கா தவழ்ந்து தறிக்குழிப் பக்கம் போனாள். நெய்கிறவர் காலை விட்டு உட்காரும் குழி அது. அன்றைக்கு அந்தத் தறியில் ஆள் இல்லை. எனக்கும் அவளுக்கும் நடுவே ஆறு முழம்கூட இருக்காது. எழுந்திருக்கப் பார்த்தேன், முடியவில்லை. தவழப் பார்த்தேன், புடவை முட்டிக்கடியில் சிக்கிக்கொண்டது. பக்கத்து வீட்டு பில்கிஸைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவள் ஓடிவந்து பிடித்தபோது குழந்தையின் தலை குழிக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் அமிர்தவள்ளி வாசலில் நுழைந்தாள்.

அவள் கத்தவில்லை. குழந்தைக்குப் பால் கொடுத்து, தூங்கவைத்து, பிறகுதான் வந்தாள்.

"அக்கா, உன் மனசு எனக்குத் தெரியும். என்னைவிட நல்லா வளப்ப. ஆனா ஓடிப்போய்த் தூக்க முடியலன்னா, மனச வெச்சுக்கினு இன்னா பண்றது?"

நான் சிதறிக் கிடந்த நூலைப் பொறுக்கினேன்.

"தத்து அன்னிக்கு மணைல உக்காந்து மடியில வாங்கிக்கப் போற இல்ல? வாங்கிக்கினு, யார் கையும் புடிக்காம கொழந்தையோட எழுந்து நில்லு. நின்னுட்டா நான் திரும்பிப் பாக்காம ரயிலேறிடறேன். இல்லன்னா அவளையும் தூக்கிக்கினு போய்ட்றேன்."

அவள் கெட்டவளாக இருந்திருக்கக்கூடாதா! வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்திருப்பேன். அவள் சொன்னதில் தப்பே இல்லை, அதுதான் என்னைக் கொன்றது. ஆனால் மனசு ஆறவும் இல்லை. குண்டாக இருக்கிற ஒருத்தி தானே பிள்ளை பெற்றால், எழுந்து நின்று காட்டு என்று யாராவது கேட்கிறார்களா? அமிர்தவள்ளியே நாலாவது பிரசவத்துக்குப் பிறகு உடம்பில் ரத்தமில்லாமல் ஆறு மாதம் படுத்துக் கிடந்தாள். நீ வளர்க்க லாயக்கா என்று அவளிடம் யார் கேட்டார்கள்? பெறாதவளுக்கு மட்டும் பரீட்சையா? இதையெல்லாம் நூல் கட்டைப் பார்த்துத்தான் கேட்டேன். அவளிடம் கேட்டால் கிடைக்கிறதும் போய்விடும் என்று பயம்.

கார்த்திகையில் மூச்சு இரைப்பு அதிகமானது. வீட்டில் சொல்லாமல் பில்கிஸோடு பஸ்ஸேறி ஆம்பூரில் ஒரு டாக்டரிடம் போனேன். ஜன்னல் வழியாக, பதனிடப் போட்ட தோல் ஊறும் நாற்றம் வந்துகொண்டே இருந்தது. அவர் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். இதயம் பலவீனமாக இருக்கிறது, உடம்பைக் குறைக்க வேண்டும், கனமான எதையும் தூக்கக்கூடாது என்றார்.

திரும்பி வரும்போது பில்கிஸ் என் கையை விடவே இல்லை. "வேணாம்க்கா. நீயே போய்ட்டா அந்தக் கொழந்தைக்கு யாரு?"

"நான் போனாலும் அவருக்கு ஒரு பொண்ணு இருப்பா இல்ல" என்றேன்.

"அவருகிட்டயாவது சொல்லு."

"சொன்னா தத்தே வேணாம்னுடுவாரு."

அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாளும் நூல் கட்டோடு உட்கார்ந்தேன். ராத்திரிச் சோற்றை நிறுத்தினேன். மார்கழி முழுக்கக் கதவைத் தாழிட்டுக்கொண்டு விழுந்து எழுந்தேன். விழுந்ததுதான் அதிகம். தை பிறந்தபோது மூன்று தடவைக்கு ஒரு தடவை நிற்க முடிந்தது. நிற்கும்போது கண் இருட்டும், ஆனாலும் நின்றேன்.

முகூர்த்தத்தன்று ஹோமம் வளர்த்து, தாரை வார்த்து, பரந்தாமன் கங்காவைத் தூக்கி என் மடியில் வைத்தார். மூன்று மாதத்தில் நன்றாகச் சதை போட்டிருந்தாள். நூல் கட்டு சும்மா கிடக்கும். இவள் திமிறினாள், தாலிச் சரட்டைப் பிடித்து இழுத்து வாயில் வைத்தாள், புகையில் கண்ணைக் கசக்கி அழுதாள். தட்டிக் கொடுத்தேன். என் மார்பில் முகத்தை அழுத்திக்கொண்டு தூங்கிப்போனாள்.

"எழுந்திரு அக்கா" என்றாள் அமிர்தவள்ளி.

ஒரு காலை மடக்கினேன். நெஞ்சுக்குள் யாரோ கைவிட்டுப் பிடித்ததுபோல இருந்தது. மூன்றில் ஒன்று. நின்றுவிட்டால் இவள் என் பெண். விழுந்தால் நாலரை வண்டியில் போய்விடுவாள். ஆனால் நான் எழுந்திருக்கவே பார்க்காவிட்டால்? விழாத வரைக்கும் இவள் என் மடியில்தான் இருப்பாள். இந்த யோசனை அந்த நிமிஷம்தான் வந்தது. மடக்கிய காலை மறுபடி நீட்டிக்கொண்டேன்.

"தூங்கறா. கொஞ்சம் தூங்கட்டும்" என்றேன்.

என் வீட்டுக்காரர் குனிந்து கையை நீட்டினார். "கமலா, கையைப் பிடி. யாரு இன்னா சொன்னா சொல்லட்டும்."

"தொடாதீங்க."

அவர் கையை எடுத்துக்கொண்டார். பாவம், எங்கே வைப்பதென்று தெரியாமல் துண்டைப் பிடித்துக்கொண்டார்.

வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். இடது கால் மரத்தது, பிறகு வலது காலும் மரத்தது. இனி நிற்க நினைத்தாலும் முடியாது என்று எனக்குத் தெரிந்தது. பரந்தாமன் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தார். "அண்ணி, வண்டிக்கு நேரமாவுது" என்றார். நான் நிமிரவில்லை.

அமிர்தவள்ளி வந்து எனக்கு நேர் எதிரே தரையில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து கொடுக்காத பால் கட்டி, அவள் ரவிக்கை நனைந்திருந்தது. தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள். எழுந்திரு என்று மறுபடி சொல்லவில்லை. கையை நீட்டிக் குழந்தையை வாங்கவும் இல்லை.

கங்காவின் இமை லேசாக அசைந்தது. நாங்கள் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.