மூக்கு வந்த வழி

1

இந்தக் கதை ஒரு சொற்பொழிவில் பிறந்தது. புற்றுநோய் ஆராய்ச்சி பற்றிப் பேசியவர், செல்லுக்குள் மரபிழை, அதாவது டி.என்.ஏ., அறுந்தால் என்ன நடக்கும் என்று விளக்கினார். அதே விஷயம் எழுதிய ஜோடி இழை ஒன்று பக்கத்திலேயே இருக்கும். அதைப் பார்த்து எழுதி, அறுந்த இடத்தை ஒட்டிக்கொள்ளுமாம். சில குடும்பங்களில் இந்தப் பழுதுபார்க்கும் வேலையே பழுதாகிவிடும். அந்தப் பழுது அப்பா வழியாகவும் மகளுக்கு வரும், மார்பில் கட்டியாக வளரக்கூடும். வீடு இருக்கும் அண்ணனூர் வரைக்கும் ரயிலில் வாயைப் பிளந்துகொண்டே வந்தேன். (கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு இவ்வளவு சமர்த்தா!)

2

முதல் தொடக்கம்: "1938. நூம்பல் ஏரி தளும்பிக்கொண்டிருந்த ஒரு—" வேண்டாம். ஏரியை விட்டால் எனக்கு வேறு தொடக்கமே தெரியாது.

இரண்டாவது: அதே 1938, நூம்பல் கிராமத்தில், எத்திராஜின் மனைவி தாட்சாயிணிக்கு மார்பில் ஒரு கட்டி. மாமியார் பொன்னம்மாள் அதே நோயில்தான் செத்துப்போனாள். செத்தவள் மருமகளைப் பிடித்துக்கொண்டாள், ஆடியில் பூசாரியை வைத்து ஓட்டிவிடலாம் என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ரத்த சம்பந்தம் இல்லாத மாமியாரின் நோய் வேறெப்படி வரும்?

சம்பந்தம் இருந்தது. பொன்னம்மாள், தாட்சாயிணியின் அப்பாவோடு கூடப் பிறந்தவள். எத்திராஜ் சொந்த அத்தை மகன், முறை மாப்பிள்ளை. கல்யாணம் ஆனதிலிருந்து பொன்னம்மாளை மாமியாராகவே பார்த்துப் பழகியவர்களுக்கு அது மறந்தே போயிற்று. தவிர, பெண்களின் வியாதி அம்மா வழியாகத்தான் வரும் என்று நம்பினார்கள். தாட்சாயிணியின் அம்மாவோ குத்துக்கல் மாதிரி இருந்தாள்.

3

இங்கே எனக்குத் தாட்சாயிணி மேல் சந்தேகம் வந்தது. பள்ளிக்கூடம் போகாதவள் இந்தச் சம்பந்தத்தைத் தானாகக் கண்டுபிடிப்பா— (அடித்துவிட்டேன். திமிர்.)

பூசாரியிடம் சொல்லிவிட்டு எத்திராஜ் வந்தபோது, அவள் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குத் துணிமூட்டை கட்டிவைத்திருந்தாள்.

"அத்த பேயா வரல மாமா. நைனா மூக்கு, அத்த மூக்கு, என் மூக்கு, எல்லாம் ஒண்ணுதான். மூக்கு வந்த வழியிலதான் இதுவும் வந்துகீது. ஆடி வரைக்கும் இது காத்துகினு இருக்காது."

(குறிப்பு: ஜோடி இழை, பழுது எல்லாம் அவளுக்குத் தெரியாது. அன்றைக்கு யாருக்குமே தெரியாது. அவளை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது.)

4

ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைக்கு அவளை உள்ளே கூப்பிட்டார்கள். பிழைத்துவிடுவாயா என்று கேட்டு எத்திராஜ் அழுதான்.

"அது தெரியாது. சொர்ணம் பெரியவளானா அவகிட்ட சொல்லு. என் வழியா மட்டும் இல்ல, உன் வழியாவும் வரும்னு சொல்லு. ஒளிக்காத."

சொர்ணம் அவர்களுடைய ஒரே மகள். விஷயம் வெளியே தெரிந்தால் அவளுக்கு மாப்பிள்ளை கிடைக்காது. எத்திராஜ் தலையாட்டினான்.

5

தாட்சாயிணி பிழைத்ததாக ஒரு முடிவும், பிழைக்காததாக ஒன்றும் எழுதினேன். இரண்டையும் கிழித்துப் போட்டேன். அதை நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள்.

இரண்டிலும் இது மட்டும் உண்டு. வருஷங்கள் கழித்து, சொர்ணத்தைப் பெண் பார்க்க நாளைக்கு வருகிறார்கள். எத்திராஜ் அவளைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைக்கிறான்.

"உங்கம்மா ஒண்ணு சொல்லச் சொன்னா. எங்கிட்டருந்தும்—"

மீதியை அவன்தான் சொல்ல வேண்டும். நான் எழுதினால் அது என் தைரியம், அவனுடையது ஆகாது. சொர்ணம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நீங்கள் அவனாக இருந்தால் சொல்வீர்களா?