சாட்சியின் தகுதி

எங்கள் மருத்துவமனையில் யார் யாரை அறுக்கலாம் என்பதைத் தகுதிக் குழு முடிவு செய்யும். டாக்டர்களின் பட்டங்களையும் பதிவுகளையும் சரிபார்த்துக் குழுவுக்குச் சொல்லும் குமாஸ்தா நான். அன்றைக்குக் குழுவின் முன்னால் நின்றவள் என் அக்கா. தியேட்டர் நர்ஸ், பெரியவருக்குக் கத்தி எடுத்துக் கொடுப்பவள்.

பெரியவர் எங்கள் மூத்த சர்ஜன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அவர் செய்யும் ஆபரேஷன் ஒன்றை இன்னொரு சர்ஜன் பக்கத்தில் நின்று பார்த்துக் கருத்துச் சொன்னால்தான் அவருடைய அனுமதி நீளும். இன்னொரு சர்ஜன் என்று இங்கே இருப்பவர் ஒருவர்தான், அவர் பெரியவரின் மருமகன். மாமனாருக்குக் கை நடுங்குகிறது என்று சொல்லிவிட்டு ராத்திரி எந்த வீட்டில் போய்ச் சாப்பிடுவது? 'மிகச் சிறப்பு' என்று சொல்லியிருந்தார்.

"கை நடுங்குது சார்," என்றாள் அக்கா. "போன வாரம் வெட்டக்கூடாத குழாய வெட்டிட்டாரு. அந்தம்மா இன்னும் ஐசியூலதான் இருக்காங்க."

குழுவில் ஒருவரான மயக்க மருந்து டாக்டர் பிஸ்கட்டை ஆராய்ந்துகொண்டிருந்தார். தன் மனைவியின் ஆபரேஷனை அவர் வேறு ஊரில் வைத்துக்கொண்டது எல்லோருக்கும் தெரியும். நல்லபடியாக நடக்கட்டும் என்று பெரியவரே பூங்கொத்து அனுப்பியிருந்தார்.

குழுத் தலைவர் தொண்டையைச் செருமினார். "டாக்டர் மேல குறை சொல்றவங்களுக்குத் தகுதி இருக்கான்னு முதல்ல பாக்கணும். விதி அப்படி. தம்பி, இவங்க நர்ஸ் பதிவு நடப்புல இருக்கா?"

இல்லை. புதுப்பிக்க நேரில் போகவேண்டும். அக்கா லீவு கேட்டபோதெல்லாம், "நீ இல்லாம எனக்குக் கையே ஓடாதும்மா" என்று பெரியவர் விடவில்லை. இருக்கு என்று சொல்லிவிடலாம்தான். தலைவரின் மடிக்கணினியில் பதிவுப் பக்கம் திறந்தே இருந்தது.

"போன மாசம் முடிஞ்சிருச்சு சார்."

அறைக்கு உயிர் வந்தது. "பதிவில்லாத ஆள தியேட்டருக்குள்ள விட்டிருக்கோமே, நோயாளிங்க கதி என்னாகிறது?" என்று குழுவில் உட்கார்ந்திருந்த மருமகன் உண்மையாகவே கலங்கிப்போனார். அக்காவைத் தற்காலிகமாக நீக்கினார்கள். தகுதியில்லாதவள் சொன்னதால் அவள் சொன்னதையும் நீக்கினார்கள். பெரியவருக்கு இன்னும் இரண்டு வருடம் ஒருமனதாகக் கிடைத்தது. நோயாளிகளின் பாதுகாப்பில் குழு காட்டிய அக்கறையைத் தலைவர் பாராட்டினார். தேநீர் வந்தது.

பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்கலாமென்று வாயெடுத்தேன்.

"விடுடா. பொய் சொல்லியிருந்தா உன் வேலையும் போயிருக்கும். வீட்டுல ஒருத்தராவது சம்பாதிக்கணும்ல," என்றாள். கொஞ்ச தூரம் போனபின், "நடுக்கம் வரும்போது அவர் மணிக்கட்ட நான் பிடிச்சுக்குவேன். யாருக்கும் தெரியாது. நாளைக்கு வர்ற பொண்ணு அதத் தொடக்கூடப் பயப்படும்."

மறுநாள் காலை நான் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது சமையலறையில் தண்ணீர் வெகுநேரமாக ஓடிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். அக்கா சோப்புப் போட்டு விரல் விரலாக, நக இடுக்கெல்லாம், முழங்கைவரை தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு யாருக்கு?" என்று கேட்டேன்.

"ஒரு ஸ்கூல் டீச்சர். பித்தப்பை. ரெண்டு சின்னப் பசங்க."

துண்டை நீட்டினேன். வாங்கவில்லை. இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே உயர்த்தி, எதன்மீதும் பட்டுவிடாமல், அடுப்புக்கும் அலமாரிக்கும் நடுவே அப்படியே நின்றாள். முழங்கையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.