மூன்று தட்டு

ஒரு தட்டு என்றால் வாயை மூடு. இரண்டு தட்டு என்றால் டீ. அந்தத் தையல் கூடத்தின் சட்டம் மொத்தமே இவ்வளவுதான். சட்டம் போட்ட பெரியவர் மாடி அறையில், கூடத்தைப் பார்த்த சின்ன ஜன்னலுக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். கைத்தடியின் மேல் இரண்டு கைகள், கைகளின் மேல் தாடை. அந்தத் தடியால்தான் பலகைத் தரையில் தட்டுவார். கீழே நாலு மிஷின், ஒரு வெட்டுமேசை, மலை மலையாகப் பள்ளிக்கூட யூனிஃபார்ம். ஊசி முறிந்தால்கூட மாடிக்குத் தெரிந்துவிடும். மனுஷனா இல்ல கேமராவா என்று துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் அக்கா கேட்பாள், அதுவும் மிஷின் ஓடுகிற சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு.

பெரியவர் மவுத்தாகி, அடக்கம் முடிந்து மூன்று மாதம் ஆகிறது. தட்டுச் சத்தம்தான் நிற்கவில்லை.

மருமகள் காதுக்கு மட்டும் கேட்கிறது. காலை பதினொரு மணிக்குச் சட்டைகளுக்குப் பித்தான் ஓட்டை போட்டுக் காஜா எடுத்துக்கொண்டிருப்பாள். தலைக்கு மேலே பலகைத் தரையில் டொக், டொக், டொக். முதல் நாள் எலி என்று நினைத்தாள். மறுநாள் பக்கத்து வீட்டில் ஆணி அடிக்கிறார்கள் என்று நினைத்தாள். மூன்றாம் நாள் ஆயத்துல் குர்ஸி ஓதி நாலு பக்கமும் ஊதினாள். ஷைத்தானாக இருந்தால் ஓடியிருக்கும். இது ஓடவில்லை. மாடியில் யாரும் இல்லை, கைத்தடிகூட இல்லை. அது கீழே கதவுக்குப் பின்னால் சாத்திக் கிடக்கிறது.

ஏன் தனக்கு மட்டும் கேட்கிறது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

அந்த நாளும் இதே பதினொரு மணிதான். புருஷன் பித்தான் வாங்கக் கடைக்குப் போயிருந்தான். மாடியில் தட்டுச் சத்தம் கேட்டது. இரண்டோடு நிற்காமல் மூன்றாவதும் விழுந்தது.

"பெரியவருக்குக் கணக்கு தப்பிடுச்சு. டீயோட பிஸ்கட்டும் வேணுமாம்," என்றாள் ஓவர்லாக் அக்கா. மருமகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மடியில் முடிக்காத சட்டைகள் குவிந்திருந்தன. இருக்கட்டும், இதை முடித்துவிட்டுப் போகலாம் என்று இருந்துவிட்டாள். அரை மணி நேரம் கழித்துத்தான் டீயோடு ஏறினாள்.

அவர் வழக்கம்போல் தடியில் சாய்ந்து ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். ஏன் லேட் என்று கேட்கவில்லை. டம்ளரை ஸ்டூலில் வைக்கும்போது அவள் விரல் அவர் கையில் பட்டது. சில்லென்று இருந்தது. ஃபேன் காற்று என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். திட்டு விழாமல் தப்பித்தோமே, அல்ஹம்துலில்லாஹ் என்று பூனை மாதிரி இறங்கி வந்தாள். "இன்னைக்கு மாமா நல்ல மூட்ல இருக்காரு," என்று அறிவிப்பு வேறு. சும்மா சொல்லக் கூடாது, அந்தக் கூடத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷம் பத்து வருஷத்தில் இருந்ததில்லை. ஓவர்லாக் அக்கா தன் மாமியார் மாதிரி நடந்துகூடக் காட்டினாள்.

பன்னிரண்டரைக்குப் புருஷன் வந்தான். தட்டு இல்லை, திட்டு இல்லை, கூடம் கலகலவென்று கிடக்கிறது. அவனுக்கும் எங்கிருந்தோ தைரியம் வந்துவிட்டது. ஜன்னலுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, பதினொரு வருஷமாகத் தொண்டையில் கிடந்ததைக் கேட்டான்.

"வாப்பா, தங்கச்சிய வீட்டுக்கு வரச் சொல்லட்டுமா?"

தங்கச்சி தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டவள். அன்றிலிருந்து அவள் பேச்சையே பெரியவர் எடுக்க விட்டதில்லை. மருமகளும் ஓவர்லாக் அக்காவும் வேலையை விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். தடி லேசாக வழுக்கியது. தலை மெல்லத் தாழ்ந்தது.

"தலையாட்டிட்டாரு! வாப்பா தலையாட்டிட்டாரு!" அவன் குழந்தை மாதிரி அழுதுகொண்டே போனை எடுத்தான்.

ஒரு மணிக்குச் சாப்பாடு கொண்டு போனவள் டீயைப் பார்த்தாள். ஆடை கட்டிக் கிடந்தது. அவர் இமையின் மேல் ஒரு ஈ ஊர்ந்தது, இமை அசையவில்லை. கத்த வாயைத் திறந்தாள். கீழே புருஷன் தங்கச்சியிடம், "உடனே கிளம்பி வா, வாப்பா சரின்னுட்டாரு" என்று கேவிக்கொண்டிருந்தான். திறந்த வாயை மூடிக்கொண்டாள். தட்டை வைத்துவிட்டு இறங்கி வந்து மறுபடி காஜாவில் உட்கார்ந்தாள். நாலு மணிக்கு நாத்தனார் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடிக்கு ஓடி, அலறுகிற வரைக்கும் தையல்தான். அப்புறம் டாக்டர் வந்தார், எழுதிக் கொடுத்தார், போனார். எத்தனை மணிக்கு உயிர் போனது என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது நாத்தனார் தினமும் கூடத்துக்கு வந்து முதல் மிஷினில் உட்கார்கிறாள். கல்யாண வீடோ சாவு வீடோ, எங்கே போனாலும் அவளுக்கு ஒரே பேச்சுதான். "எங்க வாப்பா என்னை மன்னிச்சிட்டுத்தான் போனாரு." அதைக் கேட்கும்போதெல்லாம் மருமகள் ஏதாவது சாக்குச் சொல்லி எழுந்து போய்விடுவாள்.

நேற்று சாயங்காலம் மருமகளின் மகள் மதரஸாவில் ஓதிவிட்டு வந்தாள். ஒன்பது வயது, வாய் மட்டும் இருபது. நூல் பிசிறு வெட்டிக்கொண்டே கதை சொன்னாள்.

"உம்மா, சுலைமான் நபி கைத்தடியில சாஞ்சபடியே மவுத்தாயிட்டாங்களாம். அவங்ககிட்ட வேலை செஞ்ச ஜின்னுங்களுக்கு அது தெரியல. பாத்துக்கிட்டு இருக்காங்கன்னு நினைச்சு, பயந்து பயந்து வேலை செஞ்சுச்சுங்களாம்."

"அப்புறம் எப்படித் தெரிஞ்சுதாம்?" என்றாள் ஓவர்லாக் அக்கா.

"கரையான் தடிய அரிச்சிடுச்சு, அவங்க விழுந்துட்டாங்க. மறைவா இருக்கறது எதுவும் நமக்குத் தெரியாதுன்னு அப்பத்தான் ஜின்னுங்களுக்கே புரிஞ்சுது." கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு யோசித்தாள். "அந்தக் கரையான் மட்டும் வரலைன்னா, சும்மாவே பயந்துக்கிட்டு இருந்திருக்கும்ல உம்மா?"

மருமகள் விரலில் ஊசி ஏறிவிட்டது. கதவுக்குப் பின்னால் இருந்த தடியைப் பார்த்தாள். கரையான் வேலையை யாராவது செய்துதான் ஆக வேண்டும். இந்த வீட்டில் அதற்கு வேறு ஆள் இல்லை.

இன்று புருஷன் மூட்டைகளோடு பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தான். ஓவர்லாக் அக்கா லீவு. பதினொரு மணிக்கு டொக், டொக், டொக். காஜா வெட்டுகிற கத்தி சட்டையின் நெஞ்சோடு கிழித்துக்கொண்டு போனது.

"என்ன அண்ணி, உடம்பு சரியில்லையா? பேய பாத்த மாதிரி இருக்கீங்க," என்றாள் முதல் மிஷினில் இருந்த நாத்தனார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. நடுவுல பேசிடாத, அப்புறம் எனக்கு வாய் வராது." குனிந்த தலை நிமிராமல் சொன்னாள். "அன்னைக்கு உங்கண்ணன் கேட்டப்ப மாமா தலையாட்டல. அப்ப அவரு உயிரோடயே இல்ல. தடி வழுக்குச்சு, தலை சாஞ்சுது, அவ்வளவுதான். ஒரு மணிக்கு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நீ வர்ற வரைக்கும் நான் மூச்சு விடல."

நாத்தனாரின் மிஷின் நின்றது. கையில் இருந்த சட்டையைச் சுருட்டி விட்டெறிந்தாள்.

"எதுக்கு இப்ப சொன்னீங்க? நான் கேட்டேனா? பதினொரு வருஷத்துக்கு எனக்குக் கிடைச்சது அது ஒண்ணுதான். அதையும் பிடுங்கிட்டீங்களே, நல்லா இருப்பீங்களா?"

"நல்லா இல்லம்மா. அதுக்கும் முன்னாடி ஒரு பாவம் இருக்கு. அவரு தட்டினாரு, நான் உடனே போகல. அரை மணி நேரம் கழிச்சுத்தான் டீ கொண்டு போனேன். அந்தத் தட்டு இன்னும் என்னை விடல. தெனமும் இதே நேரத்துக்குக் கேக்குது. இப்பக்கூடக் கேட்டுச்சு."

"டீக்குத் தட்டினாரு, லேட்டாச்சு. அதுக்கென்ன?" கண்ணைத் துடைத்தபடி எரிச்சலோடு சொன்னாள்.

"டீக்கு ரெண்டுதானே. அன்னைக்கு மூணு தட்டினாரு."

நாத்தனாரின் கை கன்னத்திலேயே நின்றுவிட்டது.

"மூணா? நல்லா எண்ணினீங்களா அண்ணி?"

"மூணு மாசமா அதைத்தானே எண்ணி எண்ணிச் சாகறேன்."

"ஒண்ணு வாய மூடு, ரெண்டு டீ." நாத்தனார் விரல் விட்டு எண்ணினாள். "மூணுன்னா நான், அண்ணி. வாப்பாவுக்குக் கிட்டத்துல கண்ணு தெரியாது. ஊசியில நூல் கோத்துக் கொடுக்க மூணு தட்டு தட்டுவாரு, எங்க விளையாடிட்டு இருந்தாலும் நான் ஓடணும். நான் போனப்புறம் இந்த வீட்டுல மூணு தட்டு கேட்டிருக்கவே கேட்டிருக்காது."

கேட்டதில்லை. மருமகள் இந்த வீட்டுக்கு வந்து பத்து வருஷம், அன்றைக்கு முன்னால் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டவர்கள் இருவருக்கும் அதற்கு அர்த்தம் தெரியவில்லை. அர்த்தம் தெரிந்தவன் பித்தான் வாங்கப் போயிருந்தான். பதினொரு வருஷ வீம்பை விழுங்கிவிட்டு அந்த மனுஷர் மகளைக் கூப்பிட்டிருக்கிறார், கீழே இரண்டு பெண்கள் பிஸ்கட் என்று சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். அந்த அரை மணி நேரத்தை அல்லாஹ்விடம்தான் சொல்லி அழ வேண்டும், வேறு யாரால் மன்னிக்க முடியும்?

"என்னைக் கூப்பிட்டிருக்காரு," என்றாள் நாத்தனார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "நிஜமாவே கூப்பிட்டிருக்காரு. பாவி மனுஷன், போன்ல கூப்பிட்டா என்னவாம்!"

எழுந்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். வெறுங்கையோடு படியேறினாள். மேலே கதவு திறந்தது.

"வந்துட்டேன் வாப்பா."

நாற்காலி கிறீச்சென்றது. மருமகள் கிழிந்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டொக், டொக்.

கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கைத்தடி சாத்தி வைத்த இடத்திலேயே இருந்தது. நாத்தனார் காலால் தட்டினாளோ என்னவோ. மருமகள் கூப்பிட்டுக் கேட்கவில்லை, தையலை முடித்துவிட்டுப் போகலாம் என்றும் இருக்கவில்லை. உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்து, மூன்று டம்ளர் எடுத்து வைத்தாள்.