எண்ணுக்கு முன்னால் ஒரு கோடு

குளியலறை வாசலில் லேசாகச் சறுக்கியதற்கே என் வீட்டுக்காரிக்கு மணிக்கட்டு முறிந்துபோனது. கட்டுப் பிரித்த டாக்டர், "இதுக்கெல்லாம் எலும்பு உடையக்கூடாது. அடர்த்தி எவ்வளவுன்னு ஸ்கேன் எடுத்துட்டு வந்து காட்டுங்க. அதுவரைக்கும் பாரம் தூக்கக்கூடாது" என்றார். இருவருக்கும் கட்டட வேலைதான். அவள் செங்கல் சுமப்பவள். சும்மா உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தண்டனை.

ஸ்கேன் அறையில் ஊசியும் இல்லை, வலியும் இல்லை. ஒரு மேசை, அதன்மேல் மெல்ல நகரும் ஒரு கருவி. "அசையாம படுங்கக்கா, பத்து நிமிஷம்தான்" என்றாள் ஸ்கேன் எடுக்கும் பெண்.

"பகல்ல என்னைப் படுக்கச் சொன்ன முதல் ஆளு நீதான் தங்கச்சி."

அறிக்கையை நானே வாங்கிப் படித்தேன். ஐம்பது வயதில் மாலை வகுப்புக்குப் போய் எழுத்துக் கற்றவன். பிறரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல மனம் வராது. பூஜ்யத்துக்குக் கீழே போகப் போகப் பலவீனம் என்று சுவரில் எழுதியிருந்தது. இவளுக்கு முதுகில் மூன்று புள்ளி ஒன்று. முன்னால் ஒரு சின்னக் கோடு. வரிசையாக எதை எழுதினாலும் முன்னால் கோடு போடச் சொல்வார் எங்கள் வாத்தியார். இதுவும் அதுதான் என்று நினைத்தேன்.

"பூஜ்யத்துக்கு மேல மூணு. உன் எலும்பு இரும்பு."

டாக்டர் அறை முன்னால் நீண்ட வரிசை. அவரைப் பார்க்காமலே கிளம்பினோம். பஸ் நிறுத்தத்தில் அந்த ஸ்கேன்காரத் தங்கச்சியும் வேலை முடிந்து வந்து நின்றாள்.

"என் எலும்பு இரும்பாம், இவரே படிச்சுச் சொன்னாரு. நாளைக்கு மூணாவது மாடிக்குச் செங்கல் ஏத்தப்போறேன்" என்றாள் இவள்.

"எங்க, காட்டுங்க" என்று அறிக்கையை வாங்கினாள். அவள் பஸ் வந்தது. ஏறவில்லை.

"எண்ணைச் சரியாத்தான் படிச்சிருக்கீங்க அண்ணே. ஆனா இந்தக் கோடு மைனஸ். பூஜ்யத்துக்குக் கீழ மூணு. அக்கா பாரத்தோட படியில தவறினா இடுப்பு உடைஞ்சிரும்."

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"கோட்டைப் பாக்காம கோட்டை விட்டுட்டீங்களே" என்றாள் இவள். மூவரும் சிரித்துவிட்டோம்.

அந்தத் தங்கச்சியே எங்களைத் திரும்ப ஆஸ்பத்திரிக்குள் கூட்டிப்போய், டாக்டர் கூப்பிடும்வரை கூடவே உட்கார்ந்திருந்தாள். வாரம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். சுமை அடியோடு வேண்டாம் என்றார். இப்போது மேஸ்திரி இவளைப் புதுச் சுவர் காய்ந்துவிடாமல் ரப்பர் குழாயால் தண்ணீர் அடிக்க விட்டிருக்கிறார்.

எங்களால் பஸ்ஸைத் தவறவிட்ட அந்தப் பெண் அன்று எத்தனை மணிக்கு வீடு சேர்ந்தாளோ. காலையில் இவள் எனக்கு முன்னால் விறுவிறுவென்று வேலைக்கு நடக்கும்போது அவளைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.