அரை நிமிடத் தாமதம்

அந்தச் சனிக்கிழமை ராய்ஸ் குசேரா தாமதமாகக் கத்தினான். அவன் மனைவி மார்லாவுக்குச் சந்தேகம் வந்தது அப்போதுதான்.

பன்னிரண்டு வருடமாக அவன்தான் முந்தி. நெப்ராஸ்காவின் அமெரிக்கக் கால்பந்து அணி ஆடும் சனிக்கிழமைகளில் அவன் தான் ஓட்டும் லாரியிலும் அவள் ராவென்னா வீட்டுச் சமையலறையிலும் இருந்தபடி, ஃபோனைத் துண்டிக்காமல் ஒரே ஆட்டத்தைக் கேட்பார்கள். அவனுக்கு லாரியின் சாட்டிலைட் ரேடியோ. அவளுக்கு அதே கம்பெனியின் ஆப், மேசை மேல் ஸ்பீக்கரில். வானத்திலிருந்து வருவது சில நொடிகளில் விழுந்துவிடும். இணையத்தில் வருவது எங்கெங்கோ நின்று, இன்னும் அரை நிமிடம் பிந்தி வரும்.

பந்தோடு ஒருவன் எதிரணிக் கோட்டைத் தாண்டியதும் அவன் "டச்டவுன்!" என்று அலறுவான்.

"யோவ், வாய மூடு! எனக்கு இன்னும் வரல."

"ஆப்ல கேக்கறவங்க எல்லாம் பழைய பேப்பர் படிக்கறவங்கடி."

இதுதான் வழக்கம். அன்று அவன் கத்தியதும் அவளுடைய ஸ்பீக்கர் கத்தியதும் ஒரே நொடியில் நடந்தன.

"எங்க இருக்க?" என்றாள்.

"ராலின்ஸ் தாண்டிட்டேன். காத்து பிச்சு எடுக்குது. வண்டியே ஆடுது."

வயோமிங்கில் அந்தப் பக்கம் ஃபோனில் இணையம் விட்டு விட்டுத்தான் வரும். லாரிக்காரர்கள் இன்னும் சாட்டிலைட்டை விடாமல் வைத்திருப்பதே அதனால்தான். மார்லா ஃபோனைக் காதோடு அழுத்தினாள். காற்று இல்லை. இஞ்சின் இல்லை. ஹீட்டர் போல ஏதோ ஒன்று சன்னமாக ஓடிக்கொண்டிருந்தது.

"வண்டி சத்தமே கேக்கலையே?"

"புது ஹெட்செட். ஏன்டி போலீஸ் மாதிரி கேக்கற?"

அவன் வீட்டுக்கு வந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. லோடு அதிகம் என்று சொல்லியிருந்தான்.

திங்கட்கிழமை அவள் ரேடியோ கம்பெனியை அழைத்தாள். சந்தா அவள் பெயரில். ஒவ்வொரு வருடமும் நிறுத்தப்போவதாக மிரட்டி விலையைக் குறைக்க வைப்பதும் அவள் வேலைதான். எதிர்முனைப் பெண் அதற்குத் தயாராகவே இருந்தாள்.

"போயிடாதீங்க மேடம். பாதி விலைக்குப் போட்டுத் தரேன்."

"அத விடும்மா. என் வீட்டுக்காரர் லாரில ரேடியோ ஓடுதான்னு பாத்துச் சொல்லு."

"சந்தா ஆன்ல இருக்கு மேடம்."

"அவர் கேக்கறாரா?"

"அது எங்களுக்கே தெரியாது. மேலேர்ந்து விழுது, அவ்வளவுதான். கீழேர்ந்து எதுவும் மேல வராது. மழை பெய்யுது, யார் நனையறாங்கன்னு வானத்துக்குத் தெரியுமா?"

"ஆப்?"

"ஆப்னா எல்லாம் தெரியும்." விசைகள் தட்டப்படும் ஓசை. "சனிக்கிழமை ரெண்டுல ஓடியிருக்கு. உங்க ஃபோன், அப்புறம் ஒரு டேப்லெட்."

வீட்டில் டேப்லெட் கிடையாது. லாரியிலும் கிடையாது. ராய்ஸ் அந்த ஆப்பைத் தொட்டதே இல்லை.

"யாரோடது அது?"

"பேரு காட்டாது மேடம்."

மார்லா ஜன்னல் வழியே வெளியே நின்ற பிக்கப் வண்டியைப் பார்த்தாள். பிறகு, "எங்க பிக்கப்ல உங்க ரேடியோ ஒண்ணு ரெண்டு வருஷமா செத்துக் கிடக்கு. அதுக்கு உயிர் குடு," என்றாள்.

"மூணு மாசம் இலவசம்! வெட்டவெளில நிறுத்தி, ஆன் பண்ணி வைங்க. மேலேர்ந்து சிக்னல் வந்து திறந்து விட்டுரும்."

மரத்தடியில் நின்ற பிக்கப்பை எடுத்துத் தெருவில் நிறுத்தினாள். பத்து நிமிடத்தில் அது பேசியது.

அந்த வாரம் தினமும் ராய்ஸ் அழைத்தான். வயோமிங்கில் எல்க் மலையில் பனி என்றான். அவள் வானிலையைப் பார்த்தாள். அங்கே வெயில். அவள் எதையும் கேட்கவில்லை. டேப்லெட்டுக்கு ஒரு சொந்தக்காரியை மனதுக்குள் வரைந்தாள். அவளுக்கு ஒரு முகம் வைத்தாள், முடிக்குச் சிவப்புப் பூசினாள். புதன்கிழமை அவன் சட்டைகளை இரண்டு பைகளில் அடைத்துக் கதவோரம் வைத்தாள்.

சனிக்கிழமை இறைச்சியும் பீன்ஸும் போட்ட சில்லி கொதித்தது. அடுப்பை அணைத்துவிட்டுப் போய் பிக்கப்பில் உட்கார்ந்து அவனை அழைத்தாள். தன் ரேடியோவின் ஒலியை மிகவும் தாழ்த்தி வைத்திருந்தாள்.

"சில்லி ஆச்சா?" என்றான்.

"ஆச்சு. இனிப்பு ரோலும் இருக்கு. எங்க இருக்க?"

"லாரமி கிட்ட. இன்னும் வயோமிங்தான்."

ஆட்டத்தின் இரண்டாம் கால்பகுதி. பந்தைப் பிடித்தவன் ஓடினான், ஓடினான், கோட்டைத் தாண்டினான்.

"டச்டவுன்," என்றாள் மெதுவாக.

"என்ன உளர்ற? இன்னும் நாப்பது கெஜம் இருக்கு."

அவள் எண்ணினாள். இருபத்தொன்பதில் அவன் பக்கம் கூட்டம் அலறியது. அவன் கத்தவில்லை.

"உனக்கு எப்படி..."

"நான் பிக்கப்ல இருக்கேன். நீ எங்க இருக்க?"

அவன் பக்கம் ஆட்டத்தின் ஒலி தாழ்ந்தது.

"கார்னில," என்றான்.

கார்னி ராவென்னாவிலிருந்து நாற்பது நிமிடத் தூரம்.

"கார்னில எங்க?"

"கம்பெனி லாரி யார்டுக்குப் பின்னாடி மோட்டல். ஆறாம் நம்பர்."

"யாரோட?"

"யாரோடயும் இல்ல. மார்லா, இடது கண்ணு போச்சு. மெடிக்கல் டெஸ்ட்ல டிரைவர் வேலையிலேர்ந்து தூக்கிட்டாங்க. இனி லாரி கிடையாது. அஞ்சு வாரமா யார்டுல வண்டி கழுவறேன். உன்கிட்ட சொல்ல வாய் வரல."

"டேப்லெட்?"

"யார்டுல தூக்கிப் போட்டது. மூலை உடைஞ்சது. பத்து நாள் முன்னாடி வரைக்கும் யார்டுல நின்ன என் லாரில கேட்டேன், அத வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. இது சும்மா கிடந்துது, ஆட்டம் கேக்கலாமேன்னு..."

ஒவ்வொரு கேள்விக்கும் பதில் வைத்திருந்தான். அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. அறைக்குள் உட்கார்ந்துகொண்டு ஐந்து வாரம் வயோமிங் காற்றை வர்ணித்தவன். கண் கதையையும் வர்ணிக்கலாம். ஃபோனைத் துண்டித்துவிட்டு வண்டியை எடுத்தாள்.

தானியக் கிடங்கின் ஓரம் ரேடியோ ஒரு கணம் விட்டுப்போய்த் திரும்பியது. அதன்பின் வழியெல்லாம் வயலும் வானமும்தான், தடையே இல்லை. அவன் மூன்று முறை அழைத்தான். அவள் எடுக்கவில்லை.

மோட்டலில் ஆறாம் எண்ணுக்கு எதிரே, சற்றுத் தள்ளி நிறுத்தினாள். ஜன்னல் திரை மூடியிருந்தது. உள்ளே விளக்கு. கதவைத் தட்டினால் திறக்க நேரம் எடுக்கும். அந்த நேரத்தில் எதையும் மறைக்கலாம், எவளையும் மறைக்கலாம். அவள் இறங்கவில்லை. காத்திருந்தாள்.

ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதி. நெப்ராஸ்கா நான்கு புள்ளி பின்தங்கியிருந்தது. இரண்டு நிமிடம் மிச்சம். நீளமாக ஒரு பந்து வீசப்பட்டது. மூலையில் ஒருவன் எம்பிப் பிடித்தான். ரேடியோ அலறியது.

மார்லா இறங்கி, வண்டிக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். எண்ணிக்கொண்டே சரளைக்கல் மேல் நடந்தாள். பதினெட்டு எண்ணும்போது கதவருகே நின்றாள். மெல்லிய பலகைக் கதவு. காதை வைத்தாள். உள்ளே பந்து இன்னும் வீசப்படவில்லை. இருபத்தைந்து. இருபத்தாறு.

உள்ளே கூட்டம் வெடித்தது.

"டச்டவுன்!"

ராய்ஸின் குரல். பன்னிரண்டு வருடத்துக் கத்தல், அதே தொண்டைக் கிழிசலோடு. கூடவே இன்னொரு குரல் வரும் என்று அவள் மூச்சைப் பிடித்து நின்றாள். சிரிப்பு, கைதட்டல், கட்டில் அசைவது, ஏதாவது. எதுவும் வரவில்லை. வாயை மூடு என்று சொல்ல உள்ளே ஆளில்லை.

அவள் இன்னும் கொஞ்ச நேரம் கேட்டாள். ஐந்து வாரப் பொய் அப்படியேதான் இருந்தது. அதற்கான சண்டையும் பாக்கி இருந்தது.

கதவைத் தட்டினாள்.

"யாரு?"

"யோவ், வாய மூடிட்டு கதவத் திற."